நாற்பத்தொரு ஊசிகள்

1

பெர்த் நகரத்துக் குளிர்காலமும் குற்றாலத்துச் சீசனும் ஒரே மாதத்தில் வருகின்றன. ஜூலையில் இங்கேயும் மழை, அங்கேயும் மழை. அதற்குமேல் ஒற்றுமை கிடையாது. அங்கே சாரல் முகத்தைத் தொட்டுவிட்டுப் போகும். இங்கே பெய்வது சட்டைக்குள் புகுந்து எலும்பை எண்ணும். ஆனாலும் ஜன்னலில் ஈரம் தெரிந்தால் போதும், என் மனைவி கோமதி உளுந்தை ஊறப்போட்டுவிடுவாள். பிள்ளைகள் இருவரும் அந்த வடையைத் தக்காளி சாஸில் தோய்த்துத் தின்பார்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

போன வருடம் ஜூலையில் ஆறு நாள் லீவில் தென்காசிக்கு வந்து போனேன். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆறு நாளைக்காக ஒருவன் வருவானா என்று தெருவே கேட்டது. எதிர்வீட்டு அண்ணாச்சி முகத்துக்கு நேராகவே, "என்னடே, அங்கன வேலைய வுட்டுத் தூக்கிட்டானா?" என்றார். சும்மா எல்லோரையும் பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்லிவைத்தேன். பொய்தான். ஒரே ஒரு ஆளைப் பார்க்கத்தான் வந்தேன். அவருக்கு நான் ஒரு கெடுதல் செய்திருந்தேன். அதைச் செய்தபோது கெடுதல் என்று தெரியாது. தெரியவந்தது இங்கே, கடலுக்கு இப்பால், நாலாயிரம் மைல் தூரத்தில், ஒரு கம்ப்யூட்டர் வரைந்த படத்தில்.

ஊரில் என்னைப் பற்றி ஒரு நல்ல பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் பார்ப்பதில் கெட்டிக்காரன், அதனால்தான் வெளிநாட்டுக்காரன் கூப்பிட்டுக்கொண்டான் என்று. அந்தப் பெயரில் பாதி என்னுடையதல்ல. அதை ஊராரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

எழுபத்தேழிலிருந்து மூன்று வருடம் தென்காசியில் நிலத்தடி நீர் தேடும் அரசாங்க வேலையில் இருந்தேன். பூமிக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, எங்கே கல், எங்கே ஈரம் என்று அளக்கும் ஒரு பெட்டி என்னிடம் உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு கடையம், வாசுதேவநல்லூர், குத்துக்கல்வலசை என்று அலைவேன். நல்ல இடம் என்று பட்டால், மஞ்சள் பெயின்ட் அடித்த மர முளை ஒன்றை அங்கே அறைவேன். என் முளை இருக்கும் இடத்தில்தான் போர் போட வேண்டும். இடம் மாற்றினால் திருநெல்வேலியிலிருந்து புது ஒப்புதல் வாங்க வேண்டும். அது வந்து சேர்வதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும்.

போர் லாரி அருளப்பனுடையது. அதாவது லாரி சர்க்காருடையது, ஓட்டுவதும் துளை போடுவதும் அருளப்பன். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தாலும் நான் சார், அவர் வெறும் அருளப்பன். பத்தடிக்கு ஒரு கம்பியாக இறக்கி, எத்தனை கம்பி போனது என்று லாரிக் கதவில் சாக்பீஸால் கோடு போடுவார். மேலே வரும் கல்தூளைப் பொட்டலம் கட்டி, எந்த ஆழத்தில் என்ன வந்தது என்று ஃபாரத்தில் எழுதி, என் மேஜையில் வைப்பார். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

நாற்பத்தொரு போர் போட்டோம். முப்பத்தாறில் தண்ணீர். அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் அப்படி அமைந்ததில்லை. நான் வேலையை விட்டபோது, "இவர் குறித்த இடங்களில்" என்று ஆரம்பித்து, அந்த இரண்டு எண்களையும் போட்டு, மேலதிகாரி ஒரு சான்றிதழ் கொடுத்தார். விசாவுக்காக எத்தனையோ தாள்களைக் கட்டிக்கொண்டு போனேன். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி. அதற்கே மூன்று முறை அலைந்தேன். கடைசியில் என் விண்ணப்பத்தைப் பார்த்த பெண்மணி இந்த ஒரு தாளைத்தான் இரண்டு தடவை படித்தார். இங்கே எனக்கு அமைந்த வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாமே அந்தத் தாள் வழியாக வந்தவை.

3

காய்ந்துபோன ஐந்தில் ஒன்று குத்துக்கல்வலசைப் போர். சுப்பையா என்பவருடைய நிலம், நீளவாக்கில் இரண்டு ஏக்கர். தென்மேற்கு முனையில் முளை அறைந்தேன். அங்கே நூறு அடி போகும்வரை கல்லே வராது என்று என் பெட்டி சொன்னது. ஆனால் அருளப்பன் கொண்டுவந்த ஃபாரத்தில், முப்பத்தெட்டு அடியில் கருங்கல், அறுபதில் பிட் உடைந்தது, நிறுத்திவிட்டோம் என்று எழுதியிருந்தது. பிட் என்பது கல்லை உடைத்துக்கொண்டு போகும் முனை. எங்கள் அலுவலகத்தில் ஒரு பிட் உடைந்தால் பத்துப் பேர் பதில் சொல்ல வேண்டும்.

"அந்த இடத்துல முப்பத்தெட்டு அடியில எப்படி அருளப்பன் கல்லு வரும்?"

"சார், நீங்க வச்ச இடத்துல போடல. அது கன்னி மூலையாம். கன்னி மூலையில தண்ணி எடுத்தா குடும்பம் வெளங்காதுன்னு வயக்காரர் லாரிக்கு முன்னால வந்து உக்காந்துட்டாரு. ஈசான மூலையிலதான் போட்டோம்."

ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். துளையை மூடி, முளையையும் பிடுங்கிவிட்டு, உழுது, நிலக்கடலை விதைத்திருந்தார்கள். சுப்பையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "சார் வச்ச எடத்துலதான் போட்டாவ. நான் எதுக்கு மாத்தச் சொல்லுதேன்?" என்றார். இடம் மாறியது தெரிந்தால் அவருக்கு இன்னொரு போர் கிடைக்காது. அவர் பொய் சொல்லக் காரணம் இருக்கிறது என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அவரைத்தான் நம்பினேன். என் பெட்டி சொன்னதை லாரிக்காரர் ஒருவர் இல்லை என்பதா என்ற திமிர். இன்றைக்கு அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கவனக்குறைவால் பிட்டை உடைத்துவிட்டு, அதை மறைக்க இல்லாத கல்லை ஃபாரத்தில் எழுதியிருக்கிறார் என்று அறிக்கை கொடுத்தேன். அருளப்பன் தற்காலிகப் பணியாளர். ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, மனிதர் சண்டையே போடவில்லை. லாரிச் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, "வாரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

4

இங்கே நான் வேலை பார்ப்பது தங்கம் தோண்டும் ஒரு கம்பெனியில். தங்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பாலைவனத்தில் போடும் துளைகளின் எண்கள் மட்டும் என் மேஜைக்கு வரும். எந்தத் துளையில் எந்த ஆழத்தில் என்ன கல் என்ற கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. மேலதிகாரி பீட்டர் நல்ல மனிதர். வந்த புதிதில் நான் ஊர்ப் பழக்கத்தில், "எனக்கு ஒரு டவுட்" என்று அவர் அறை வாசலில் போய் நிற்பேன். சின்னச் சந்தேகம் கேட்பதற்குத்தான். கம்பெனிக் கணக்கிலேயே நான் கோளாறு கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து அவர் கதவைச் சாத்திவிட்டு உட்காருவார். அதைத் திருத்திக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

போன வருடத் தொடக்கத்தில் பீட்டர் புள்ளிவிவரக் கணக்குகளுக்கான ஒரு மென்பொருளைத் தருவித்தார். சராசரி, வரைபடம் எல்லாம் போடும். கூடவே, நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சேர்த்து ஒரே படமாக வரையும். துளைகளைப் பூமிக்குள் இருக்கிறபடியே பார்க்கலாம், மற்ற பிரிவினருக்கு ஒரு படம் போட்டுக் காட்டு என்றார். கம்பெனியின் துளைக் கணக்கை வெளியே காட்ட மூன்று பேரின் கையெழுத்து வேண்டும். சர்க்கார் அலுவலகம் என்றால் நம் ஊரில் மட்டும்தானா! கையெழுத்துக்குக் காத்திருக்கப் பொறுக்காமல், ஊரிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த என் பழைய தென்காசி நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

தென்காசிக் கோயில் கோபுரத்திலிருந்து கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, கல் எத்தனை அடியில். ஒரு போருக்கு ஒரு வரியாக நாற்பத்தொரு வரியையும் தட்டினேன். பேனா பிடித்துப் படம் போடும் இயந்திரம் கிறீச் கிறீச் என்று வரைய ஆரம்பித்தது. முதல் படத்தில் போர்கள் எல்லாம் ஆகாயத்தை நோக்கி நின்றன. ஆழத்துக்கு முன்னால் கழித்தல் குறி போட மறந்துவிட்டேன். பீட்டர் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் தண்ணீரை மேகத்தில்தான் தோண்டுவீர்களா என்று சிரித்தார். திருத்தியதும் ஒரு தட்டிலிருந்து நாற்பத்தொரு ஊசிகளைத் தொங்கவிட்ட மாதிரி வந்தது. ஊசி முனை எங்கே நிற்கிறதோ அங்கே கல். மேற்கே மலையடிவாரத்தில் குட்டை ஊசிகள், கிழக்கே போகப் போக நீளம். வரிசை அழகாக இருந்தது, ஒன்றைத் தவிர. நெட்டை ஊசிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் குட்டையாக நின்றது. முப்பத்தெட்டு அடி.

பொய்க் கணக்கு, எடுத்துவிடலாம் என்று அந்த வரியை அழிக்கப் போனேன். அழிப்பதற்கு முன்னால், பொய் எப்படித்தான் இருக்கிறது பார்ப்போமே என்று, குத்துக்கல்வலசையைச் சுற்றியுள்ள ஒன்பது போர்களை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கினேன். மென்பொருளில் பார்க்கும் கோணத்தை மாற்றலாம். பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி, ஒவ்வொன்றாக வரையச் சொன்னேன். ஒரு படத்துக்குப் பல நிமிடம் பிடிக்கும். இருபது தாளுக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு கோணத்தில், அங்கே காய்ந்துபோன வேறு மூன்று போர்களின் முனைகளும், அக்கம்பக்கத்து முனைகளுக்குக் கொஞ்சம் மேலே, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் வந்து நின்றன. பூமிக்கடியில் வயல் வரப்பு மாதிரி ஒரு கல்வரப்பு ஓடுகிறது. மூன்று வருடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதன் மேலேயே நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

அந்த வரப்பு சுப்பையாவின் நிலத்தையும் கடந்து போயிற்று. என் முளை இருந்த முனையில் அல்ல, எதிர் முனையில். அந்த வரியில் இரண்டு எண்களை மட்டும் மாற்றி, துளையைத் தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு நகர்த்தி மறுபடி வரையச் சொன்னேன். குட்டை ஊசி போய் வரப்பின் மேல் உட்கார்ந்தது. அரை அடி பிசகவில்லை. அருளப்பன் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பீட்டர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

5

வீட்டில் கோமதியிடம் சொன்னேன். பத்து வயது மகள் மீனா பக்கத்தில் இருந்தாள். நாங்கள் தமிழில் பேசுவது அவளுக்குப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். தென்காசி என்றால் அவளுக்கு அப்பாவின் ஊர், அவ்வளவுதான். "அவரிடம் ஸாரி சொன்னீர்களா?" என்று கேட்டாள். இங்கே பிள்ளைகளுக்குத் தோள் உரசினாலே ஸாரி வந்துவிடும். இவ்வளவு மலிவாகவா என்று நான் எரிச்சல்பட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னால் எரிச்சல்பட முடியவில்லை. முப்பத்தெட்டு வயது வரைக்கும் நான் யாரிடமும் அந்த வார்த்தையை முழு மனதோடு சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் பழைய அலுவலகத்துக்கு, படத்தையும் இணைத்து, அருளப்பன் மீது தவறில்லை என்று நீளமாக எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: தங்கள் கடிதத்தில் கோப்பு எண் குறிப்பிடப்படவில்லை. கோப்பு எண்ணை எந்தக் கம்ப்யூட்டரிடம் கேட்பது? அதே அலுவலகத்தில் பியூனாக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவருக்கு எழுதினேன். அவர் ஒரு கார்டில் பதில் போட்டார். அருளப்பன் இப்போது பம்பு ரிப்பேர் பார்க்கிறான், சீசனில் குற்றாலம் மெயின் அருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறான் என்று.

6

அருவியில் நல்ல தண்ணீர். துண்டும் ஈர வேட்டியுமாக ஜனம் நெரிந்தது. பாறையில் வரிசையாகக் கவிழ்ந்து படுத்திருந்தவர்களின் முதுகுகளுக்கு நடுவே அருளப்பனைக் கண்டுபிடித்தேன். கம்பி தூக்கிய கைகள், ஒரு பருத்த முதுகைப் பிசைந்துகொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தவர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"சார்! எப்ப வந்தீய? எண்ணெ தேச்சுக்கிடுதீயளா?"

நான் தலையாட்டியது அவருக்கு எப்படிப் புரிந்ததோ, உடனே கிண்ணத்தை எடுத்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்து, பஜ்ஜிக் கடை பெஞ்சுக்கு அழைத்துப் போனேன். சாரலில் நனையாமல் சுருட்டி வைத்திருந்த தாள்களை விரித்தேன். எது என்ன என்று விளங்க வைத்தேன். கல்வரப்பைக் காட்டினேன். "நீங்க சொன்னது சரி அருளப்பன். நான்தான் தப்பா எழுதிட்டேன். என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அவரை நான் நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "ஏழு வருசம் ஆச்சு சார்" என்றார். அப்புறம், "மத்த போரெல்லாம் இருக்க படம் இருக்கா?" என்று கேட்டார்.

நாற்பத்தொரு ஊசித் தாளை விரித்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் ஊர்ப் பெயர் எழுதியிருந்தேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கடையத்து ஊசி ஒன்றின் மேல் விரல் வைத்தார்.

"இதுவும் மாத்துனதுதான் சார்."

"எது?"

"இதும். உங்க முளைகிட்ட லாரி போவாது. அம்பதடி தள்ளிப் போட்டேன். இது வாசுதேவநல்லூர்ல, ஊருக்கு ஈசானத்துலதான் போடணும்னு பஞ்சாயத்தே கூடிட்டு. இது, கோயில் வாசலுக்கு நேரா வருதுன்னு."

விரல் நகர்ந்துகொண்டே போயிற்று. துடைத்தும் போகாத எண்ணெய் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொட்டு வைத்தது. எண்ணினேன். பன்னிரண்டு. பன்னிரண்டிலும் தண்ணீர் வந்தது. பன்னிரண்டும் என் சான்றிதழில் இருக்கிறது.

"ஆனா முளை இருந்துச்சே! நான் வந்து பாத்தேனே!"

"பிடுங்கி, போட்ட எடத்துக்குப் பக்கத்துல நட்டுருவேன். நீங்க முளையத்தான பாப்பீய." அருளப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். பஜ்ஜிக் கடைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் கேட்டேன். "அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாமே? இடம் மாத்துறது வழக்கம்தான்னு ஆயிருக்கும். வேலை போயிருக்காதே?"

"அந்த ஒண்ண நிரூபிக்கணும்னா இந்தப் பன்னெண்டையும் சொல்லணும்லா சார். சொன்னா, ஒப்புதல் இல்லாத போருன்னு பம்பக் கழத்திட்டுப் போயிருவான். வாசுதேவநல்லூர்ல பொம்பளைய எம்புட்டு தூரம் கொடத்தத் தூக்கிட்டு நடந்தாவன்னு நீங்களும்தான பாத்தீய? அவுகள மறுபடியும் நடக்க வைக்கவா? பொறவு உங்க பேரும் கெட்டுரும்."

என் பெயரைக் கடைசியாகத்தான் சொன்னார், சொல்லவேண்டிய வரிசையில். என் வீட்டுக் கூரைக்கும் அடுப்புக்கும் நான் நன்றி சொல்ல வேண்டிய ஆள், பாறையில் யார் யார் முதுகையோ தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை அவரிடம் சொன்னேன். "விடுங்க சார், இதுவும் தொழில்தான்" என்றார்.

பெர்த்துக்குத் திரும்பியதும் பீட்டரிடம் அந்தச் சான்றிதழைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். அவர், "நம் துளைகளையும் யாராவது நகர்த்தியிருப்பார்களோ?" என்று கேட்டு, என்னைப் பாலைவனத்துக்கு அனுப்பினார். இங்கே கன்னி மூலை கிடையாது. ஆனால் மர நிழல் உண்டு. துளை போடுபவர்கள் நிழலுக்கு நகர்த்தியதைச் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டார்கள். இப்போது துளை எங்கே விழுந்ததோ அங்கே போய் அளந்த பிறகே எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். இன்னொன்று: அந்தப் பன்னிரண்டு பம்புகளும் பஞ்சாயத்துகளின் பொறுப்புக்குப் போய்விட்டன, இனி யாரும் கழற்ற மாட்டார்கள் என்று அருளப்பன் விசாரித்து எழுதிய பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று பஜ்ஜிக் கடையில், இன்னொரு கடிதம் எழுதுகிறேன், கோப்பு எண்ணைத் தேடிப் பிடிக்கிறேன் என்று சொன்னேன். அருளப்பன் தலையை ஆட்டினார்.

"ஆபீசுக்கு வேண்டாம் சார். எங்க வீட்டுக்கு வந்து ஒரு தடவ சொல்லுங்க. நான் பிட்டை ஒடச்சுட்டுப் பொய் எழுதினேன்னுதான் அவ இன்னும் நெனக்கா."

7

வீடு இலஞ்சியில். அருளப்பனின் மனைவி பாக்கியம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னை யார் என்று சொன்னதும் எழுந்து சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க சார்" என்றார். அந்த மரியாதை என்னை என்னவோ செய்தது. தரையில் தாளை விரித்தேன். குத்துக்கல்வலசை, கல்வரப்பு, இரண்டு மூலை எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் என்ற வார்த்தையை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப இவிய சொன்னது நெசமா சார்?"

"நெசம். கல்லு அங்க இருந்துச்சு. தப்பா எழுதினது நான்."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கணவரைப் பார்த்தார்.

"இத்தன வருசத்துல எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேன்லா. அவ்வளவு படிச்ச மனுசன் பொய் எழுதுவாரான்னு நீதான கேட்ட."

பாக்கியம் உள்ளே போய்விட்டார். பாத்திரச் சத்தம் கேட்டது. நான் கிளம்பட்டுமா என்று ஜாடை காட்டினேன். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "சாப்புட்டுட்டுத்தான் போணும்."

இரண்டு இலை போட்டார். எனக்கொன்று, அருளப்பனுக்கொன்று. நம் பக்கத்தில் விருந்தாளி இலையில்தான் முதல் சோறு விழும். எத்தனை ஏழை வீடானாலும் அதில் மாற்றம் கிடையாது. நான் தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்தேன். பாக்கியம் சோற்றுப் பானையோடு வந்தார். என் இலையைக் கடந்து போய், கணவரின் இலையில் முதல் சோற்றைப் போட்டார். குழம்பை ஊற்றினார். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் ஒரு வாய் எடுத்துச் சாப்பிடும் வரை அங்கேயே நின்றார். அருளப்பன் தலையை நிமிர்த்தவில்லை.

அதற்கப்புறம்தான் என் இலைக்கு வந்தார். நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.